பிளே பட்டனை அழுத்தாதீங்க, பழனி!

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தைக்குப் பக்கத்து உணவங்காடியில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்கறிப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்து, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி முருங்கைக்காய்க்குப் பின்னால் ஒளிகிறாள். முருங்கைக்காய் எவ்வளவுதான் மறைக்கும்?

"அக்கா..." என்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டார் பழனிவேல்.

பழனிவேலை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் கறிவேப்பிலைச் செடி மூன்று முறை செத்து மூன்று முறை பிழைத்த கதையை இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிழைக்க வைத்தவர் அவர்தான். சாகடித்தது நான். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். நான் இருக்கும் தோ பாயோவிலிருந்து ரயில் ஏறி, இறங்கி, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஐந்து வருடமாக அவரிடம்தான் போய் மண்ணும் உரமும் வாங்குகிறேன்.

அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து ஏன் ஒளிய வேண்டும்?

அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ரொம்ப நல்ல எண்ணத்தோடு, ரொம்ப முறையாக, சட்டப்படி செய்தேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால் பழனிவேலின் பண்ணைக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். தோட்டக்கலை பற்றிய ஒரு தமிழ் நிகழ்ச்சி. முதலாளியைப் பேட்டி எடுக்கத்தான் வந்தார்கள். முதலாளி சீனர். தமிழ் நிகழ்ச்சியில் அவர் என்ன பேசுவார்? "யூ கோ லா!" என்று பழனிவேலைப் பிடித்து கேமரா முன்னால் தள்ளிவிட்டார். முகம் கழுவக்கூட நேரமில்லை. சிவப்புச் செம்பருத்தியில் மஞ்சள் செம்பருத்தியை எப்படி ஒட்டுக் கட்டுவது என்று நம்மாள் பாட்டுக்குச் செய்து காட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். திருத்தமாக நான்கு நிமிடம்.

ஒளிபரப்பு ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு என்னிடம் வந்து சொன்னார்.

"டார்மிட்டரி பொது டிவியில பார்க்கப் போறோம்கா. ரூம்ல கூட இருக்கிறவரை, அவரு போன்ல அப்படியே டிவியை வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கேன். ஊருக்கு அனுப்பணும்ல."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"ஐயையே, அதெல்லாம் வேண்டாம் பழனி. கை ஆடும். டிவியில லைட்டு அடிக்கும். பக்கத்துல இருக்கிறவன் இருமுறதும் சேர்ந்து பதியும். அதோட, அது சட்டப்படி தப்பு. அவங்க ஆப்லேயே டவுன்லோட் வசதி இருக்கு. நான் முறையாப் பண்ணித் தர்றேன். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும்."

முறையா! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நின்றால் போதும், எல்லாம் தானாகக் கிடைத்துவிடும் என்று நாங்கள் மனப்பூர்வமாக நம்புகிறோம். எதற்கான வரிசை என்றுகூடச் சில சமயம் கேட்பதில்லை.

பழனிவேலும் என்னை நம்பினார். பத்திரிகையில் எழுதுகிற அக்கா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

புதன்கிழமை இரவு அவருடைய தொழிலாளர் விடுதியில் ஐம்பது பேர் விசிலடித்துப் பார்த்தார்களாம். ஒருவர்கூட வீடியோ எடுக்கவில்லை. எடுக்க வந்த இரண்டு பேரையும் இவரே தடுத்துவிட்டார். "அக்கா டவுன்லோட் பண்ணித் தர்றாங்க!"

மறுநாள் ஊரில் ஒரு வம்பு நடந்தது. பழனிவேலுக்கு ஒரே மகள், யாழினி. ஒன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அப்பாவை நேரில் பார்த்தது இரண்டே முறை. "அப்பா டிவியில வந்தேன் தங்கம்" என்று போனில் சொன்னதைக் கேட்டு, பிள்ளை நேராகப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். எந்த டிவி, எந்த சேனல் என்று மற்ற பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன தெரியும்? இங்கே வருகிற சேனல் அங்கே வராது. அன்று மத்தியானத்துக்குள் அவளுக்கு "புளுகுமூட்டை" என்று பெயர் வைத்தாயிற்று. சாயங்காலம் அழுதுகொண்டே போனில் கேட்டாளாம், "அப்பா, நீ நெசமாவே வந்தியா?" என்று.

இதைச் சொல்லும்போது பழனிவேல் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த யாழினியின் காதுகுத்து, அவர் ஊருக்குப் போகும்போது நடக்கப் போகிறது. வீட்டு வாசலில் பந்தல். சொந்தபந்தம் எல்லாம் வரும். அவளோடு படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். "சிங்கப்பூர்ல செடிக்குத் தண்ணி ஊத்துறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிற மச்சானும், தாய்மாமன் என்கிற முறையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். பந்தலில் பெரிய டிவியை வைத்து, அத்தனை பேர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும்.

"ஒரே தடவைக்கா. அவ தலை நிமிர்ந்து நிக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு இதே உணவங்காடியில் உட்கார்ந்து டவுன்லோட் வேலையை ஆரம்பித்தோம். இரண்டு கப் தே தாரே டீ ஆறிப் போகும்வரை நடந்தது அந்த வைபவம். முதலில் ஆப்பில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாஸ்வேர்டு. அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு. பிறகு மின்னஞ்சலுக்கு ஒரு எண் வரும். அது வருவதற்குள் ஆப் வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போக பாஸ்வேர்டு. மகளின் பெயரையும் பிறந்த வருடத்தையும் போட்டு வைத்தார். "பாதுகாப்பு குறைவு" என்றது ஆப்.

கடைசியில் இறங்கியது. பழனிவேலின் போனில், அவர் முகம் போட்ட ஒரு சின்னப் படம். அதன்மேல் ஒரு பச்சை டிக்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிமுறைகளைப் படித்தேன். ஆமாம், படித்தேன்! இந்த உலகத்தில் அதையெல்லாம் படிக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். டவுன்லோட் செய்த நாளிலிருந்து முப்பது நாள் இருக்கும். ஆனால் பிளே பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம்தான். அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும்.

நான் விரல் விட்டு எண்ணினேன். காதுகுத்து இன்னும் மூன்று வாரத்தில். இருபத்தோராவது நாள். தாராளமாகப் போதும்.

"இங்க பாருங்க பழனி. என்ன ஆனாலும் பிளே பட்டனை அழுத்தாதீங்க. யாரு கேட்டாலும் அழுத்தாதீங்க. பந்தல்ல வச்சுதான் அழுத்தணும்."

"சரிக்கா."

மூன்று வாரமும் அவர் அழுத்தவில்லை. விடுதியில் நண்பர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டிருக்கிறார். மனைவி கேட்டிருக்கிறார். யாழினி மடியில் ஏறி உட்கார்ந்து, "ஒரே ஒரு வாட்டிப்பா" என்று கேட்டிருக்கிறாள். தீபாவளிச் சட்டையை மடிப்புக் கலையாமல் வைத்திருப்பதுபோல அதை அப்படியே வைத்திருந்தார் மனிதர்.

யார் பேச்சைக் கேட்டு? என் பேச்சைக் கேட்டு.

இந்த இடத்தில் எங்க வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய அவருடைய பழைய வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. டிவியில் எது வந்தாலும் அந்தக் காலத்தில் பதிந்து வைத்துக்கொள்வார். "ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினா முடிஞ்சது வேலை. இப்ப எதுக்குலா இவ்வளவு பாஸ்வேர்டு?" என்று கேட்பார். பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போடச் சொல்லி நான் இருபது வருடமாகச் சண்டை போடுகிறேன்.

பழனிவேலின் நிகழ்ச்சியையும் அவர் விடவில்லை. மறு ஒளிபரப்பை ஆப்பில் ஓடவிட்டு, டேப்லட்டின் திரையையே ரெக்கார்டு செய்து வைத்துக்கொண்டார். நான் திட்டினேன். "இது திருட்டுத்தனம் இல்லையா?" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்லா" என்றார். கிரேன் ஓட்டியவருக்கு எப்போதும் இரண்டாவது கயிறு ஒன்று வேண்டும்.

காதுகுத்து நாள் வந்தது. ஞாயிறு மத்தியானம். இங்கே மணி ஒன்று. நான் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. பழனிவேல்.

பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு. குழந்தைகளின் சத்தம். அவர் குரல் மட்டும் மெதுவாக இருந்தது.

"அக்கா... பிளேயை அழுத்துனேன். ‘நீங்கள் இருக்கும் நாட்டில் இதைப் பார்க்க இயலாது’ன்னு வருதுக்கா."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

இருக்கும் நாட்டில்! டவுன்லோட் ஆகிவிட்ட பொருள், போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற பொருள், தான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு, ‘இங்கே என் முகத்தைக் காட்ட மாட்டேன்’ என்கிறது. விதிமுறைகளை நான் படித்தேனே? படித்தேன். மூன்று பக்கம் படித்தேன். நான்காவது பக்கத்துக்கு ஒரு சின்ன அம்புக்குறி இருந்திருக்கிறது. அதைப் பார்க்கவில்லை.

"லைன்ல இருங்க பழனி. ஒண்ணும் ஆகாது" என்றேன். எல்லாம் ஆகிவிட்டது என்று தெரிந்தபோதுதான் நாம் அப்படிச் சொல்கிறோம்.

எச்சில் கையோடு என் போனில் ஆப்பைத் திறந்தேன். அதில் ஓடவிட்டு, இன்னொரு போனால் படமெடுத்து அனுப்பிவிடலாம்... நான் தப்பு என்று சொன்ன அதே வேலை. கை ஆடினால் ஆடட்டும், லைட்டு அடித்தால் அடிக்கட்டும். ஆனால் நிகழ்ச்சியே அங்கே இல்லை! ‘இந்தப் பகுதியின் காலம் முடிந்தது.’ இரண்டு வாரம்தான் வைத்திருப்பார்களாம். அடுத்தடுத்த பகுதிகள் இருக்கின்றன. மண்புழு உரம் இருக்கிறது. பால்கனியில் கீரை இருக்கிறது. பழனிவேலை மட்டும் காணோம்.

ஆப்பின் உதவிப் பகுதியில் தட்டினேன். இயந்திரம்தான் பதில் சொன்னது. "வணக்கம்! உங்களுக்கு எப்படி உதவலாம்?" நடந்ததை எழுதினேன். "உங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?" இல்லை என்றேன். "உங்கள் பதிலுக்கு நன்றி! எங்கள் அதிகாரிகள் திங்கள் முதல் வெள்ளி வரை உங்களுக்கு உதவுவார்கள்."

எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். டேப்லட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் அந்த மனிதரை அன்று நான் பார்த்த மாதிரி என்றைக்கும் பார்த்ததில்லை.

"போடுங்க, போடுங்க!"

போட்டார். திரை கறுப்பாக இருந்தது. கொஞ்சம் பொறுத்தோம். கறுப்பாகவே இருந்தது. பிறகு அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பழனிவேலின் குரல், "வணக்கம். என் பேரு பழனிவேல். இன்னிக்குச் செம்பருத்தியில ஒட்டுக் கட்டுறது எப்படின்னு பார்ப்போம்..."

நான்கு நிமிடமும் குரல் இருந்தது. படம் ஒரு புள்ளிகூட இல்லை. ரெக்கார்டு செய்தால் படத்தை மட்டும் மறைத்துவிடுகிற மாதிரி ஏதோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்க வீட்டுக்காரர் பதிந்ததோடு சரி, ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த அலமாரியில் இருக்கிற எதையும்தான் அவர் போட்டுப் பார்த்ததில்லை.

"அக்கா, ஏதாச்சும் கெடச்சுதா? ஆசாரி வந்துட்டாரு..."

"குரல் மட்டும் இருக்கு பழனி. படம் வரலை."



"அனுப்புங்கக்கா. பரவால்ல" என்றார்.

அனுப்பினேன். மிச்சச் சோற்றை நான் சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கே டிவி நிலையத்துக்குப் போன் போட்டேன். அதிகாரி, ஓர் இளம்பெண், நன்றாகத் தமிழ் பேசினார்.

"உங்க ஏமாற்றம் எங்களுக்குப் புரியுதுங்க மேடம். ஆனா ஒளிபரப்பு உரிமை சிங்கப்பூருக்கு மட்டும்தாங்க மேடம்."

"அதுல வர்றது அவரோட முகம்தானேம்மா?"

"முகம் அவரோடதுங்க மேடம். நிகழ்ச்சி எங்களோடதுங்க மேடம்."

சரியாகத்தான் சொன்னார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் "புரியுதுங்க மேடம்" சொல்ல வேண்டுமோ? கடைசியில், "சாரிங்க ஆன்ட்டி" என்று வேறு குரலில் சொன்னார். அது மட்டும் எழுதிக் கொடுத்ததைப் படித்தது இல்லை என்று தெரிந்தது. மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதினான்கு வேலை நாட்களில் பதில் வரும் என்று உடனே ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பூட்டே போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பட்ட காயம் உண்டு. இந்தப் பத்தியில் நான் எழுதிய ஒன்றை யாரோ என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, "படித்ததில் பிடித்தது" என்று ஊரெல்லாம் அனுப்பி, அது சுற்றிச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர், "இதுபோல நீங்களும் எழுதலாமே" என்று வேறு கேட்டிருந்தார். அன்றைக்கு என் எழுத்துக்கு ஒரு பூட்டு கிடைத்தால் தேவலை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். திருட நினைத்தவன் எப்படியும் திருடிவிடுகிறான். அந்த விடுதியில் போனைத் தூக்கிப் பிடித்தார்களே இரண்டு பேர், அவர்களை விட்டிருந்தால் யாழினிக்கு அன்று ராத்திரியே அப்பா கிடைத்திருப்பார். கை ஆடினால் என்ன? யாரோ இருமினால்தான் என்ன? மாட்டிக்கொண்டது யார்? முறையாகப் பதிவு செய்து, பாஸ்வேர்டு போட்டு, பிளே பட்டனை மூன்று வாரம் அழுத்தாமல் காத்திருந்த ஆள்.

‘டவுன்லோட்’ என்றால் நம் கைக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். கொஞ்ச நாள் பார்க்கக் கொடுக்கிறார்களாம். எங்கே பார்க்கிறோம், எதில் பார்க்கிறோம், எத்தனை மணி நேரம் பார்க்கிறோம் என்று கூடவே ஒருத்தர் நின்று கவனித்துக்கொண்டிருப்பாராம். எனக்கு அலுத்துவிட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. போன வாரம் எங்க வீட்டுக்காரரின் கேசட் அலமாரியை நானே ஈரத்துணி வைத்துத் துடைத்தேன். அவர் பார்த்தார்.

ஒரு மாதமாக நான் பழனிவேலுக்குப் போன் செய்யவில்லை. என்ன கேட்பது? "பந்தலில் எல்லோரும் சிரித்தார்களா?" என்றா? அவரும் செய்யவில்லை. கறிவேப்பிலைச் செடியில் நாலாவது முறையாக இலை பழுத்தது. கிராஞ்சிப் பக்கமே போகவில்லை.

இப்போது புரிகிறதா, முருங்கைக்காய்க்குப் பின்னால் நான் ஏன் ஒளிந்தேன் என்று?

"அக்கா, என்னைத் தெரியலையா?"

"தெரியுது பழனி... உக்காருங்க. என்னை மன்னிச்சிடுங்க. என்னாலதான்."

அவர் உட்கார்ந்தார். ஒரு பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். காதுகுத்துக்குச் செய்த முறுக்கில் எனக்கென்று எடுத்து வைத்ததாம்.

"அட போங்கக்கா. நடந்ததைக் கேளுங்க மொதல்ல" என்றார்.

நான் அனுப்பிய கறுப்புப் படத்தை மைக்செட்காரரிடம் கொடுத்து டிவியில் போடச் சொல்லியிருக்கிறார். பந்தல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். புது மொட்டையும் புதுக் கம்மலுமாக, அழுது முடித்த முகத்தோடு தாய்மாமன் மடியில் யாழினி. பெரிய டிவியில் கறுப்பு. அதிலிருந்து பழனிவேலின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மச்சான் சத்தமாக, "என்ன மாப்ள, சிங்கப்பூர்ல கரண்டு போன நேரத்துல எடுத்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பந்தலே சிரித்தது. பிள்ளைகள் யாழினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ என்னைப் பார்த்தாக்கா. அந்தப் பார்வையை..." என்றவர் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"மைக்செட்காரருகிட்ட, மொதல்லேருந்து போடுங்கண்ணேன்னு சொன்னேன். வாசல்ல எங்க வீட்டுச் செம்பருத்தி நிக்குது, செவப்பு. பக்கத்து வீட்டுல மஞ்சள் இருக்கு. ஓடிப்போயி ஒரு குச்சி ஒடிச்சுட்டு வந்தேன். மொட்டை போட வந்திருந்தாருல்ல, அவருகிட்ட ஒரு புதுப் பிளேடு வாங்கினேன். டிவியை அப்படியே செடிப் பக்கம் தூக்கிட்டு வரச் சொன்னேன். எதுக்குக் கறுப்பு டிவின்னு மச்சான் கேட்டாரு. ‘டிவியும் இருக்கணும் மாமா!’ன்னு யாழினிதான் அடம் புடிச்சா."

குரல் மறுபடி ஆரம்பித்தது. வணக்கம், என் பேரு பழனிவேல். இவர் செடிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். பென்சில் பருமனில் ஒரு குச்சி எடுத்துக்குங்க என்றது டிவி. இவர் எடுத்துக் காட்டினார். சாய்வா ஒரே சீவு, ரெண்டாவது தடவை சீவாதீங்க என்றது டிவி. இவர் ஒரே சீவாகச் சீவினார். கிளையைப் பிளந்து, சொருகி, பச்சையும் பச்சையும் ஒட்டுகிற மாதிரி வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுங்க என்றது. நாடா இல்லை. கற்கண்டு வந்த பையைக் கிழித்துச் சுற்றினார். வருடக்கணக்காக ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிற கை. குரல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், ஓர் இடத்திலும் பிசகவில்லையாம்.

யாழினி மாமன் மடியிலிருந்து இறங்கி வந்து, அப்பா கட்டி முடிக்கும்வரை கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளைகள் டிவியைப் பார்க்கிறார்கள், இவரைப் பார்க்கிறார்கள், மறுபடி டிவியைப் பார்க்கிறார்கள். அதே குரல். அதே ஆள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"மச்சான் என்ன சொன்னாரு?"

"சாப்பாட்டுப் பந்தியில எனக்கு அவரே எலை போட்டாரு. நான் சிங்கப்பூருக்குக் கிளம்புறதுக்குள்ள அவங்க வீட்டுச் செடியிலயும் ஒண்ணு கட்டணுமாம்."

எனக்குக் கண் கரித்தது. வெங்காயம் என்று சொல்லலாம், பையில் வெங்காயம் இருந்தது. ஆனால் வெங்காயம் இல்லை.

"பழனி, அந்த டவுன்லோட்?"

அவர் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். முகம் போட்ட அந்தச் சின்னப் படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். ‘காலாவதியாகிவிட்டது.’ சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து இறங்கியபோதே அப்படித்தான் இருந்ததாம். மகளுக்காகக் கடைசிவரை அழுத்தாமல் வைத்திருந்த நான்கு நிமிடம்... அவர் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, வேறு ஒரு படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். அன்று காலையில் வீட்டிலிருந்து வந்ததாம்.

செம்பருத்திச் செடி. கிழிந்த கற்கண்டுப் பை சுற்றிய ஒரு கிளை. அதன் நுனியில் புதிதாக இரண்டு இலை. பக்கத்தில், மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்த ஒரு சின்னப் பெண், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, செடிக்குக் காவல் நிற்கிற மாதிரி நிற்கிறாள்.

நான் பழக்க தோஷத்தில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒட்டுக் கட்டி முப்பத்தைந்து நாள்.

இன்னும் காலாவதியாகவில்லை.